டீசல் பிக்கப்புக்குப் புது பேட்டரி: நம்ம ஊர் வெயிலுக்கு எதை வாங்குவது?

காலை நாலு மணி, கார்பார்க் மூன்றாம் மாடி. சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டு விளக்கெல்லாம் எரிகிறது. முன்பக்கமிருந்து மட்டும் "டக்... டக்..." என்று ஒரு சத்தம். பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் தேக்காவுக்கு வரவேண்டிய வண்டி அது. "மாத்தி ஒன்றரை வருஷம்தானேண்ணே ஆச்சு?" என்றான் கூட வரும் தம்பி.

ஒன்றரை வருஷம்தான். கடையில் இருந்ததிலேயே பெரிய எண் போட்ட பேட்டரியைப் பார்த்து நான் வாங்கியது அது. குளிர் நாட்டுக்காரர்கள் பார்க்கிற எண் அது என்று அப்போது எனக்குத் தெரியாது. சிங்கப்பூரில் பேட்டரி குளிரில் சாவதில்லை. வெயிலிலும் அரைகுறை சார்ஜிலும்தான் சாகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள்.

படி 1: கோளாறு பேட்டரியில்தானா?

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு, கதவைத் திறந்து மூடி விளையாடாமல், இரண்டு டெர்மினலிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. வண்டியை ஓட்டி நிறுத்திய உடனே அளந்தால் மீட்டர் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும்.

அடுத்து, ஒருவர் ஸ்டார்ட் செய்யும்போது மீட்டரைக் கவனியுங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். முழுச் சார்ஜில் சோதித்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 13-ஐயே தாண்டவில்லை என்றால் முதலில் ஆல்டர்னேட்டரையும் (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது அதுதான்) பெல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அதைச் சரிசெய்யாமல் புது பேட்டரி போட்டால் அதுவும் சீக்கிரமே படுத்துவிடும்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ மாவு பூத்திருந்தால் சோடா மாவை வெந்நீரில் கரைத்துத் தேய்த்துக் கழுவி, மறுபடி முயன்று பாருங்கள். சில சமயம் வேலை அதோடு முடிந்துவிடும்.

என் வண்டியில் இன்னொரு திருடனும் இருந்தான்: டாஷ்கேமரா. வண்டி நிற்கும்போதும் பதிவு செய்யும் வகை. ராத்திரியெல்லாம் சொட்டுச் சொட்டாக உறிஞ்சிக்கொண்டிருந்தது.

படி 2: பழைய பேட்டரியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்

ஜப்பான் வண்டிகளில் 95டி31எல், 80டி26ஆர் என்ற மாதிரி எழுதியிருக்கும். முதலில் வரும் 95 பேட்டரியின் சக்தித் தரம். 'டி' என்பது அகலமும் உயரமும் எந்த வகை என்பதைச் சொல்கிறது. அடுத்த 31, நீளம் சென்டிமீட்டரில். பழையது 95 என்றால் அதே டி31 அளவில் 105 போடலாம், இறங்கிப் போகாதீர்கள்.

கடைசி எழுத்தில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். இரண்டு டெர்மினலும் உங்கள் பக்கம் இருக்கும்படி பேட்டரியை வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் வலப்பக்கம் இருந்தால் 'எல்', இடப்பக்கம் இருந்தால் 'ஆர்'. என்னைக் கேட்டால் இது தலைகீழாகத்தான் தோன்றுகிறது, ஆனால் முறை அப்படித்தான். தவறாக வாங்கினால் வயர் எட்டாது. இழுத்து எட்டவைக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். போனில் பேட்டரியை மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

படி 3: எந்த எண்ணைப் பார்ப்பது?

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்திச் சூடாக்கித்தான் எரிபொருள் பற்றவேண்டும். அந்த அழுத்தத்தை எதிர்த்துச் சுற்ற ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நிறைய கரண்ட் வேண்டும், கிளப்புவதற்கு முன் உள்ளே சூடேற்றும் குளோ பிளக்கும் தன் பங்குக்கு இழுக்கும். அதனால் பெட்ரோல் காரின் பேட்டரி இதற்குப் பத்தாது.

கடைக்காரர்கள் முதலில் காட்டுவது சிசிஏ என்ற எண். மைனஸ் 18 டிகிரியில் 30 விநாடிக்கு எவ்வளவு கரண்ட் தரும் என்பதற்கான கணக்கு அது. மழை பெய்து 23 டிகிரி ஆனாலே ஸ்வெட்டர் தேடுகிற ஊரில் அதைத் துரத்தி என்ன லாபம்? வண்டியின் கையேட்டில் சொன்ன சிசிஏவுக்குக் குறையாமல் இருந்தால் போதும். ஒரே அளவுப் பெட்டிக்குள் சிசிஏவை ஏற்ற, தகடுகளை மெல்லியதாக்கி எண்ணிக்கையைக் கூட்டுவார்கள். மெல்லிய தகடு வெப்பத்தில் சீக்கிரம் அரித்துப்போகும்.

நான் பார்ப்பது ஆம்பியர்-ஹவரும் (மொத்தம் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) ரிசர்வ் கெப்பாசிட்டியும். 25 ஆம்பியர் இழுத்தால் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதே ரிசர்வ் கெப்பாசிட்டி. நாளுக்குப் பதினைந்து இடத்தில் நிறுத்தி எடுக்கிற வண்டிக்கு இதுதான் சோறு போடும். எண் எதுவும் எழுதவில்லையா? ஒரே அளவில் இரண்டைத் தூக்கிப் பாருங்கள், கனமானதில் பெரும்பாலும் ஈயம் அதிகம்.

படி 4: எந்த வகை?

சிக்னலில் இன்ஜின் தானாக நின்று தானாகக் கிளம்பும் வண்டி என்றால் ஈஎஃப்பி (அடிக்கடி ஸ்டார்ட் செய்வதைத் தாங்கும்படி பலப்படுத்திய அமில பேட்டரி) அல்லது ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்த பேட்டரி), எது போட்டு வந்ததோ அதே வகை. பணத்தை மிச்சம் பிடிக்கச் சாதாரணத்தைப் போட்டால் சில மாதத்தில் அழுவீர்கள். மற்ற வண்டிகளுக்கு, மூடி திறந்து தண்ணீர் ஊற்றும் வகை இன்னும் நல்லதுதான். மாதம் ஒருமுறை பார்க்கிற பொறுமை இருக்க வேண்டும், ஊற்றுவதும் காய்ச்சி வடித்த நீராக மட்டுமே இருக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு மெயின்டனன்ஸ் ஃப்ரீ. குறுகிய ஓட்டம், நிறைய நிறுத்தம் என்றால் சாதாரண வண்டிக்கும் ஈஎஃப்பி நன்றாகவே உழைக்கிறது.

ஏஜிஎம் விலை அதிகம், வெப்பமும் அதற்கு ஆகாது. சேசிஸ் ஓரத்தில் காற்றுப்படும் இடத்தில் பேட்டரி இருக்கும் லாரியில் யோசிக்கலாம். சூடான பானெட்டுக்குள் நான் போடமாட்டேன். வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் பழகிப்போன கணக்கு.

இன்னொன்று: சிஓஇ (வண்டி வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்றிதழ்) முடிய எட்டு மாதம்தான் இருக்கிறது, புதுப்பிக்கப் போவதில்லை என்றால் எதற்கு உசத்தி பேட்டரி?

படி 5: தேதியைக் கேளுங்கள்

பேட்டரி அலமாரியில் சும்மா இருந்தாலும் சார்ஜ் இறங்கும். இறங்கியபடியே கிடந்தால் தகட்டில் சல்பேட் கெட்டிப்படும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய நிலைக்கு வராது. நான் வாங்கிய அந்தப் பேட்டரியின் பின்பக்கத்தைப் பிறகு துடைத்துப் பார்த்தேன்: வாங்கிய நாளுக்குப் பதினான்கு மாதம் முன்பு தயாரித்தது! கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, கேட்காதது நான். இப்போது ஆறு மாதத்துக்கு மேல் பழையதை வாங்குவதில்லை. கடையிலேயே மீட்டர் வைத்து, 12.4-க்குக் கீழே காட்டினால் "வேற எடுங்க அங்கிள்" என்றுவிடுவேன்.

படி 6: இரண்டு பேட்டரி வண்டியா?

பல லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து 24 ஆக்கியிருப்பார்கள். ஒன்று கெட்டால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒரே பிராண்டு, ஒரே தேதி. இல்லாவிட்டால் பழையதன் பலவீனம் புதியதையும் இழுத்துப் போட்டுவிடும். ரேடியோவுக்கோ கேமராவுக்கோ ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. ஒன்று இளைக்கும், இன்னொன்று அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வைத்து எடுங்கள். பின்பக்கம் சாமான் ஏற்றி இறக்கும் டெயில் லிஃப்ட் இருந்தால் அதை இயக்கும்போது இன்ஜின் ஓடட்டும்.

படி 7: மாட்டுவது

10 எம்எம் ஸ்பேனர், கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸ்ஸைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் தீப்பொறி பறக்காமலிருக்கத்தான் இந்த வரிசை. மேலே வரும் பிடிகம்பியை இறுக்க மறக்காதீர்கள். குலுங்கிக் குலுங்கியே தகடு உதிரும். டெர்மினலில் கொஞ்சம் வாசலின் தடவினால் மாவு பூப்பது குறையும்.

படி 8: போட்ட பிறகு

வண்டியை நிறுத்திவைத்து இன்ஜினை ஓடவிட்டு சார்ஜ் ஏற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஐடிலில் ஏறுவது சொற்பம், அதோடு இங்கே அது அபராதம் வாங்கித்தரும் குற்றமும்கூட. அதைவிட வாரம் ஒருமுறை விரைவுச்சாலையில் அரைமணி நேரத்துக்கு மேல் ஓட்டுங்கள், அல்லது மாதம் ஒருமுறை சார்ஜரில் ராத்திரி போடுங்கள்.

பழையதைப் புளோக்குக் கீழே வைத்துவிட்டு வராதீர்கள். உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கிறது. வாங்கும் கடையிலேயே கொடுத்தால் சில வெள்ளி குறைத்தும் தருவார்கள்.

மாற்றிய தேதியை மார்க்கர் பேனாவால் பேட்டரி மேலேயே எழுதிவையுங்கள். என் வண்டியில் தம்பிதான் எழுதினான். தேதிக்குக் கீழே கொட்டை எழுத்தில் இன்னொரு வரி: "கேமரா வயரைக் கழட்டு."