இருமொழி அச்சில் செரிஃப் சாய்வெழுத்தைக் கையாளும் முறை

சிங்கப்பூரில் அச்சாகும் திருமண அழைப்பிதழ்கள், கோயில் விழா மலர்கள், சங்க ஆண்டறிக்கைகள் ஆகியவற்றுள் பல ஒருபுறம் ஆங்கிலமும் மறுபுறம் தமிழுமாக அமைகின்றன. கேரமண்ட், கேஸ்லன், பாஸ்கர்வில் போன்ற செரிஃப் (கோடுகளின் முனையில் சிறு நீட்டல் கொண்ட) எழுத்துருக் குடும்பங்களின் சாய்வெழுத்து ஆங்கிலப் பக்கத்திற்கு அழகு சேர்ப்பதைக் கண்டு, அதே சாய்வைத் தமிழுக்கும் ஏற்றிவிடுவோர் உண்டு. நல்ல சாய்வெழுத்து, நிமிர்ந்த எழுத்தைத் தள்ளிச் சாய்த்து உருவானதன்று. தனியே வரையப்பட்ட வேறோர் எழுத்து. இதை அறிந்தவர் இரு பக்கங்களையும் வெவ்வேறாகவே கையாள்வார்.

வெனிஸ் நகரப் பதிப்பாளர் ஆல்டஸ் மனூஷியஸுக்காக ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய சாய்வெழுத்தில், 1501-இல் வெர்ஜிலின் கவிதைகள் கையடக்க நூலாக வெளிவந்தன. அக்கால அறிஞர்கள் விரைந்து எழுதிய கையெழுத்தே அதற்கு முன்மாதிரி. நூல் முழுவதும் சாய்வெழுத்திலேயே அமைந்திருந்தது. பெரிய எழுத்துகள் மட்டும் நிமிர்ந்து நின்றன. நிமிர்ந்த எழுத்துக்கு நடுவே ஒரு சொல்லைத் தனித்துக் காட்டும் துணை எழுத்தாக அது மாறியது பின்னர்தான். பேனாவின் ஓட்டத்திலிருந்து பிறந்த வடிவம் என்பதால் அதன் எழுத்துகள் குறுகலாகவும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ முனைவன போலவும் இருக்கின்றன.

எனவே எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது, அதற்கு உண்மையான சாய்வெழுத்து தனிக் கோப்பாக உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது இல்லாதபோதும் வேர்ட் போன்ற மென்பொருளில் சாய்வுப் பொத்தானை அழுத்தினால், நிமிர்ந்த எழுத்தையே சாய்த்துக் காட்டிவிடும். ஆங்கிலச் சிறிய 'ஏ', 'எஃப்' ஆகிய இரண்டையும் பெரிதாகத் தட்டிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். உண்மையான சாய்வெழுத்தில் 'ஏ' மேல்வளைவை இழந்து ஒற்றை வயிற்றோடு நிற்கும். கேரமண்ட் போன்ற பழைய மரபில் 'எஃப்' அடிக்கோட்டை, அதாவது எழுத்துகள் வரிசையாக நிற்கும் கற்பனைக் கோட்டை, தாண்டிக் கீழே இறங்கும். போலியில் இவ்விரண்டும் பழைய வடிவிலேயே சாய்ந்து நிற்கும். இலவசமாகக் கிடைக்கும் இ.பி. கேரமண்டில் உண்மையான சாய்வெழுத்து இருப்பதால், செலவைக் காரணம் காட்டிப் போலியை ஏற்கத் தேவையில்லை.

பயன்படுத்தும் இடங்களில் சிக்கனம் வேண்டும். நூல், இதழ், கப்பல் ஆகியவற்றின் பெயர்களுக்கும், உயிரினங்களின் அறிவியல் பெயர்களுக்கும் சாய்வெழுத்தே மரபு. ஆயினும் 1981-இல் சிங்கப்பூரின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட ஆர்க்கிட்டைக் குறிப்பிடும்போது, 'பாபிலியோனாந்தி' என்ற பேரினப் பெயர் மட்டும் சாயும். 'மிஸ் ஜோக்கிம்' என்பது கலப்பினப் பெயர் ஆதலால் நிமிர்ந்தே நிற்க வேண்டும். விழா மலர்களில் இது அடிக்கடி தவறிவிடுகிறது. ஆங்கிலத்தில் அயற்சொற்களைச் சாய்ப்பது வழக்கம்தான். ஆனால் தமிழர் வீட்டு அழைப்பிதழின் ஆங்கிலப் பக்கத்தில் 'நலங்கு', 'தாலி' போன்ற சொற்களைச் சாய்ப்பது, வீட்டாரையே விருந்தாளியாக்குவதாகும். அவற்றை நிமிர்த்தே வைக்கலாம்.

அழைப்பிதழில் மணமக்கள் பெயர்களை இணைக்கும் 'அண்டு' (&) குறிக்குச் சாய்வெழுத்தைப் போலப் பொருத்தமானது வேறில்லை. கேஸ்லன், பாஸ்கர்வில் இரண்டிலும் அது ஒரு சிறு ஓவியமாகவே இருக்கும். பெயர்கள் நிமிர்ந்த எழுத்தில் இருந்தாலும் அக்குறியை மட்டும் சாய்வெழுத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அலங்கார வால் கொண்ட பெரிய எழுத்துகளைப் பெயரின் தொடக்கத்தில் மட்டும் வைக்க வேண்டும். முழுப் பெயரையும் அவற்றால் அடுக்கினால் யாராலும் படிக்க இயலாது. நீண்ட பத்திகளுக்கும் சாய்வெழுத்து ஏற்றதன்று. சாய்ந்த 'எஃப்' எழுத்தை அடுத்து நிமிர்ந்த அடைப்புக்குறி வந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். நடுவே மிகச் சிறிய இடைவெளி ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

தமிழ்ப் பக்கத்தில் சாய்வு கூடாது என்பதற்குக் கண்ணால் காணக்கூடிய காரணம் உண்டு. சாய்க்கும்போது எழுத்தின் ஒரு பகுதி அடிக்கோட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதற்கேற்ற விகிதத்தில் வலப்புறம் நகர்கிறது. 12 பாகை சாய்த்தால், 9 பாயின்ட் (அச்செழுத்தை அளக்கும் அலகு) உயரத்தில் உள்ள மெய்யெழுத்தின் புள்ளி ஏறத்தாழ 2 பாயின்ட் விலகும். 'பக்கம்' என்ற சொல்லில் முதல் ககரத்தின் தலைக்கு மேல் இருக்க வேண்டிய புள்ளி, அடுத்த ககரத்தை நோக்கி நகர்ந்துவிடும். 'டி', 'கீ' போன்றவற்றின் கொக்கியும் அவ்வாறே அடுத்த எழுத்தின்மேல் கவியும். செங்கோணத்தில் நிற்கும் டகரமோ சரிந்து விழுவது போலத் தோன்றும். தமிழில் ஒரு சொல்லை எடுத்துக்காட்ட, சற்றே தடித்த எழுத்தோ ஒற்றை மேற்கோளோ போதும். நூற்பெயருக்கு மேற்கோளே நமக்குப் பழகியது.

இரு மொழிகளும் ஒரே வரியில் வரும்போது அளவையும் கவனிக்க வேண்டும். கேரமண்டின் சிறிய எழுத்துகள் உயரம் குறைந்தவை. அதே பாயின்ட் அளவில் தமிழ் பெரிதாகத் தெரியும் என்பதால், பெரும்பாலும் தமிழை ஒன்றிரண்டு பாயின்ட் குறைக்க நேரிடும்.

அச்சகத்துக்குக் கோப்பை அனுப்பும்முன், எழுத்துருக்கள் அனைத்தும் பிடிஎஃப்பில் பதிந்துள்ளனவா என்று அதன் பண்புகள் பட்டியலில் சரிபார்க்க வேண்டும். இல்லையேல் அச்சகக் கணினி வேறோர் எழுத்துருவை இட்டுவிடலாம். திரையில் 400 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, 'ஏ', 'எஃப்' இரண்டையும் மீண்டும் ஒருமுறை பார்த்தபின், மாதிரிப் படி ஒன்றை உண்மையான தாளிலேயே கேட்டு வாங்க வேண்டும். சாய்வெழுத்தின் மெல்லிய கோடுகள் சொரசொரப்பான தாளிலும் பொன்னிறத் தகடு ஒட்டும் பதிப்பிலும் அறுபட வாய்ப்புண்டு. அவ்வாறு அறுபட்டால் அளவை ஒரு பாயின்ட் கூட்டலாம், அல்லது சற்றுக் கனமான சாய்வெழுத்துக்கு மாறலாம்.