தம்பியின் கண் எலிப்பக்கம் போகிறதா?

தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவர் தமிழ் வசனம் ஒன்றைக் கேட்கும்போது, அவருடைய சிங்களம் தூங்கிக்கொண்டா இருக்கும்? வீட்டிலேயே பார்த்துவிடலாம். எனக்கு வாய்த்த ஆள் என் தம்பி. புறக்கோட்டையில் துணிக்கடை. பகல் முழுக்கச் சிங்களம், வெள்ளவத்தைக்கு வந்து படியேறினால் தமிழ்.

யோசனை என்னுடையதல்ல. 1999இல் மைக்கேல் ஸ்பைவி, வியோரிக்கா மரியன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்கள் முன்னால் சில பொருட்களைப் பரப்பி, முத்திரையை நகர்த்தும்படி ரஷ்ய மொழியில் சொன்னார்கள். அந்த மொழியில் முத்திரை என்றால் 'மார்க்கா'. கேட்டவர்களின் கண் சில தடவை மார்க்கர் பேனைக்கும் ஓடியது.

நமக்கும் அப்படியொரு சோடி வேண்டும். இதில்தான் நான் சறுக்கினேன். பூசணிக்காயையும் பொம்மைப் பூனையையும் வைத்தேன்; பூனை சிங்களத்தில் 'பூசா' அல்லவா? தம்பியின் கண் பூனைக்குப் போனதும் எனக்குப் பெரிய புளுகம். அப்புறம்தான் உறைத்தது, பூனையும் 'பூ'வில்தானே தொடங்குகிறது! தமிழே அந்த வேலையைச் செய்திருக்கலாம். ஒன்றின் தமிழ்ப் பெயரும் மற்றதன் சிங்களப் பெயரும் ஒரே ஒலியில் தொடங்க வேண்டும்; இரண்டின் தமிழ்ப் பெயர்களும் ஒத்துவரவே கூடாது. கடைசியில் மீனும் எலியும் சரிவந்தன. சிங்களத்தில் எலி 'மீயா'.

பிளாஸ்டிக் மீன், ரப்பர் எலி, சவர்க்காரம், பூட்டு நாலையும் தட்டத்தின் மூலைகளில் வையுங்கள். நடுவில் போனை நிமிர்த்தி, ஆளின் முகத்தை வீடியோ எடுங்கள். "அந்த மீனை எடு" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். இடையிடையே பூட்டையும் சவர்க்காரத்தையும் கேளுங்கள். அப்போதும் கண் எலிக்கே போனால், அது ரப்பர் எலியின் அழகு, சிங்களமல்ல. சிங்களம் தெரியாத ஒருவரையும் இருத்திப் பாருங்கள்; எனக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெரியம்மா உதவினார்.

வீடியோவை மெதுவாக ஓட்டுங்கள். ஒலி காதில் விழுந்து கண் திரும்ப ஏறத்தாழ 0.2 விநாடி எடுக்கும். ஆகவே 'மீ' கேட்டதற்குப் பின்வரும் அரை விநாடியைத்தான் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு ஆள் அறையை வேடிக்கை பார்க்கிறார், அவ்வளவுதான்.

அடுத்து வசனத்தை நீட்டுங்கள்: "குழம்புக்கு வாங்கின மீனை எடு." இதைச் சொன்னபோது தம்பியின் கண் நேரே மீனுக்குப் போனது. குழம்பு என்றதுமே வரப்போவது என்னவென்று பாதி தெரிந்துவிடுகிறது. மீயா நுழைய இடம் குறைவு. ஸ்பானிய மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களை வாசிக்க வைத்த ஆய்வுகளிலும், முன்வரும் சொற்கள் அடுத்த சொல்லை ஊகிக்கவிட்ட இடங்களில் மற்ற மொழியின் குறுக்கீடு குறைந்திருக்கிறது. தமிழில் பெயருக்கு முன்னாலேயே இப்படி எவ்வளவும் அடுக்கலாம் என்பது நமக்கு வசதி.

ஒன்று மட்டும்: சிங்களம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். ஐந்தாம் நாள் தம்பி சிரித்தபடி, "அக்கா, மீயாவைத்தானே பார்க்கிறாய்?" என்று கேட்டான். அன்றோடு அவன் இந்த வேலைக்கு உதவாமல் போனான். இப்போது கீழ்வீட்டுப் பையனைக் கேட்டிருக்கிறேன். எலியை இன்னும் கண்ணில் காட்டவில்லை.