நாடிச் சதையும் ராத்திரித் தூக்கமும்: ஹைஃபு எடுக்கும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அக்காவுக்கு 46 வயது, எடை 92 கிலோ. மூன்று வருடமாக அத்தான் ஹாலில்தான் படுக்கிறார், குறட்டை அப்படி. அக்காவுக்குக் காலையில் எழுந்ததுமே தலைவலி. மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்தால் தலை சாய்ந்துவிடும். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி பஸ்ஸில் தூங்கிப் போனதற்குக் கணக்கே கிடையாது. போன வருடம் ஒரு அழகு சிகிச்சை கிளினிக்கில், "நாடிக்கு அடியில இருக்கற சதைதான்க்கா மூச்சை அமுக்குது. ஹைஃபு நாலு சிட்டிங் எடுத்தா டபுள் சின்னும் போயிரும், தூக்கமும் நல்லா வரும்" என்றார்கள். ஹைஃபு என்பது ஒலி அலைகளைக் குவித்துச் சூடாக்கித் தோலை இறுக்கும் சிகிச்சை. அக்கா எடுத்தாள். முகம் கொஞ்சம் எடுப்பாகத்தான் ஆனது, குறட்டை மட்டும் குறையவே இல்லை. ஆறு மாதம் கழித்து ஸ்லீப் ஸ்டடி (தூங்கும்போது மூச்சையும் ஆக்சிஜனையும் அளக்கும் பரிசோதனை) எடுத்தபோது, மணிக்கு 38 தடவை மூச்சு தடைப்படுகிறது என்று ரிப்போர்ட் வந்தது.

வீணாய்ப்போன அந்த ஆறு மாதம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஹைஃபுவே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. எதற்காக எடுக்கிறோம் என்பதில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள்.

எல்லாத் தவறுக்கும் மூலம், கண்ணாடியில் தெரியும் கொழுப்பும் ராத்திரி மூச்சை அடைக்கும் கொழுப்பும் ஒன்றுதான் என்று நினைப்பது. நாடிக்கு அடியில் இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். விரலுக்குள் அகப்படுவது தோலும் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பும்தான். அதற்கு உள்ளே ஒரு மெல்லிய கழுத்துத் தசை, அப்புறம் வாயின் தரையாக இருக்கும் தசைகள், அதற்கும் மேலேதான் நாக்கு. தூக்கத்தில் அடைபடுவது, அண்ணத்துக்கும் நாக்கின் அடிப்பகுதிக்கும் பின்னால் இருக்கும் தொண்டைப் பகுதி. அந்த இடத்தைச் சுற்றி வளையமாக எலும்பு கிடையாது. விழித்திருக்கும்போது தசைகள் விறைப்பாக இருந்து வழியைத் திறந்து வைக்கின்றன. தூங்கியதும் தசை தளரும், நாக்கு பின்னால் சரியும், வழி குறுகும். நாக்கிலும் தொண்டையின் பக்கச் சுவர்களிலும் கொழுப்பு சேர்ந்திருந்தால் முழுசாகவே அடைத்துக்கொள்ளும்.

நாக்கில் கொழுப்பா என்று எனக்கும் முதலில் ஆச்சரியமாகத்தான் இருந்தது. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஷ்வாப் குழு 2014-இல் இதை எம்.ஆர்.ஐ. எடுத்தே காட்டியது: உடல் பருமனோடு மூச்சுத்தடையும் உள்ளவர்களுக்கு நாக்கில், குறிப்பாக அதன் அடிப்பகுதியில், கொழுப்பு அதிகம். 2020-இல் அதே குழு இன்னொரு ஆய்வு வெளியிட்டது. மூச்சுத்தடை உள்ள 67 பேர் ஆறு மாதத்தில் உடல் எடையில் ஏறக்குறைய 10 சதவீதம் குறைத்தார்கள். மூச்சுத்தடை சராசரியாக 31 சதவீதம் குறைந்தது. அந்த முன்னேற்றத்துக்கு முக்கியக் காரணம் நாக்கின் கொழுப்பு குறைந்ததுதான். வெளியே நாடிக்கு அடியில் வைக்கும் கருவியின் கைப்பிடி அந்த நாக்கை எட்டாது.

கழுத்தளவை வைத்தும் இதே மாதிரி ஒரு குழப்பம் வருகிறது. பெண்களுக்குக் கழுத்துச் சுற்றளவு 16 அங்குலத்தைத் தொட்டால் மூச்சுத்தடை இருக்க வாய்ப்பு அதிகம் என்று டாக்டர்கள் டேப் வைத்து அளப்பார்கள். அதைக் கேட்டுவிட்டு, "அப்படின்னா கழுத்துச் சதையைக் கரைச்சா சரியாயிடும்" என்று திருப்பிப் போட்டுக்கொள்கிறோம். கழுத்தளவு ஓர் அடையாளம், அவ்வளவுதான். உள்ளேயும் கொழுப்பு சேர்ந்திருக்கலாம் என்று அது டாக்டருக்குச் சொல்கிறது. வெளியே கால் அங்குலம் குறைத்துவிட்டால் உள்ளே எதுவும் மாறிவிடாது.

சரி, ஹைஃபு என்னதான் செய்கிறது? ஒலி அலைகளைப் பூதக்கண்ணாடி வெயிலைக் குவிப்பதுபோல ஒரு புள்ளியில் குவிக்கிறது. முகத்துக்கான கருவிகளில் அந்தப் புள்ளி பெரும்பாலும் தோலுக்குக் கீழே 1.5, 3 அல்லது 4.5 மில்லிமீட்டர் ஆழத்தில் விழும். அங்கே 60 முதல் 70 டிகிரி வரை சூடாகி, குண்டூசி முனை அளவுக்குத் திசு வெந்துபோகும். அந்தச் சின்னக் காயங்கள் ஆறும்போது தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் புதிதாக உருவாகி, தோல் இறுகும். முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆகவே முதல் வாரத்திலேயே "ஒண்ணும் ஆகலையே" என்று அடுத்த சிட்டிங்குக்குப் பணம் கட்டுவதும் ஒரு தவறுதான். இந்த வகையில் பேர்பெற்ற அல்தெரபி கருவிக்கு மருந்துகளுக்கும் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ. 2012-இல் நாடிக்கு அடியிலும் கழுத்திலும் பயன்படுத்த அனுமதி கொடுத்தது. தளர்ந்த தோலைத் தூக்கிக் காட்டுவதற்கான அனுமதி அது. தூக்கத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை. கொழுப்பைக் குறைக்கவென்று ஆழமாகக் குவிக்கும் கருவிகளும் உண்டு. ஆனால் வயிற்றுக்கு என்று செய்த 13 மில்லிமீட்டர் கார்ட்ரிட்ஜைக் கழுத்தில் வைக்கக் கூடாது. "எந்த மிஷின், எந்த ஆழம், யார் கையால்?" என்று கேட்க வெட்கப்படவே வேண்டாம். கீழுதட்டை இழுக்கும் நரம்பு தாடை ஓரமாகத்தான் போகிறது. அதில் சூடு பட்டால் சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும் என்றாலும், அந்த வாரங்களைக் கடப்பது லேசல்ல. கர்ப்பமாக இருந்தாலோ, பேஸ்மேக்கர் வைத்திருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, நாடிக்கு அடியில் உப்பியிருப்பதெல்லாம் கொழுப்பு என்றும் நினைத்துவிட முடியாது. உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கியிருக்கலாம், நெறி கட்டியிருக்கலாம், கொஞ்சம் கீழே தைராய்டு பெருத்திருக்கலாம். ஒரு டாக்டர் கையால் அழுத்திப் பார்க்காமல் மிஷினுக்கு அடியில் போய்ப் படுக்காதீர்கள். தைராய்டு குறைவாகச் சுரந்தால் எடை கூடும், தூக்கமும் கெடும். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும்.

பெண்கள் விஷயத்தில் நடக்கும் பெரிய தவறு, ஸ்லீப் ஸ்டடி வரைக்கும் போகாமலே இருந்துவிடுவது. குறட்டை ஆண்களுடைய வியாதி என்ற எண்ணம் வீட்டிலும் இருக்கிறது, சில சமயம் டாக்டர் அறையிலும் இருக்கிறது. பெண்கள் பலர் குறட்டையைச் சொல்லவே கூச்சப்படுவார்கள். அசதி, காலைத் தலைவலி, நடுராத்திரி விழிப்பு, மனச்சோர்வு என்றுதான் சொல்வார்கள். உடனே "வேலைப் பளு", "மாதவிடாய் நிக்கிற வயசு" என்று பதில் வந்துவிடும். மாதவிடாய் நின்றபின் மூச்சுத்தடை வாய்ப்பு கூடுகிறது என்பதால், அந்த வயதில்தான் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். மூச்சுத்தடை இருக்கிறது என்றே தெரியாமல் தூக்க மாத்திரை வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. மூச்சுத்தடை இருக்கும்போது சில மாத்திரைகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும்.

பரிசோதனையில் 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால், அல்லது அதே நேரத்துக்கு வெகுவாகக் குறைந்து ஆக்சிஜனும் இறங்கினால், ஒரு தடவை என்று எண்ணுவார்கள். மணிக்கு 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். அக்காவுடையது 38.

ஹைஃபுவுக்குப் பிறகு "நல்லாத் தூங்கினேன்" என்று மனதாரச் சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. தூக்கத்தின் தரத்தை அளக்க ஆராய்ச்சிகளில் அதிகம் பயன்படுவது 1989-இல் வந்த பிட்ஸ்பர்க் கேள்வித்தாள். போன ஒரு மாதம் எப்படித் தூங்கினீர்கள் என்று கேட்டு, 21-க்கு மதிப்பெண் போடுவார்கள். 5-க்கு மேல் போனால் தூக்கம் சரியில்லை. முகம் பிடித்துப்போய், மனது லேசாகி, அதோடு சாப்பாட்டையும் குறைத்திருந்தால் அந்த மதிப்பெண் மேம்படலாம். அந்த நிம்மதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மூச்சு எத்தனை தடவை நின்றது என்று அந்தத் தாளுக்குத் தெரியாது. டயட்டும் ஹைஃபுவும் சேர்த்து எடுத்தவரிடம், எது வேலை செய்தது என்று எப்படிச் சொல்வது? டயட் மட்டும் எடுத்த இன்னொரு குழுவோடு ஒப்பிட்டால்தான் தெரியும். விளம்பரத்தில் "தூக்கம் மேம்படும்" என்று பார்த்தால், யாரோடு ஒப்பிட்டார்கள், கேள்வித்தாளா, ஸ்லீப் ஸ்டடியா என்று கேளுங்கள்.

மூச்சுத்தடைக்காக, முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் சி.பாப் மிஷின் வைத்துத் தூங்குகிறவர்கள், நாடி இளைத்துவிட்டது என்று அதைப் பரணில் ஏற்றிவிடக் கூடாது. சிட்னியில் காலின் சல்லிவன் 1981-இல் அறிமுகப்படுத்திய சிகிச்சை அது; காற்றின் அழுத்தத்தாலேயே தொண்டையைத் திறந்து வைக்கிறது. எடை நன்றாகக் குறைந்தால், மறுபடி ஸ்லீப் ஸ்டடி எடுத்து, டாக்டர் சொன்ன பிறகு நிறுத்தலாம். எடை குறைப்புக்கும் இப்போது வழிகள் கூடியிருக்கின்றன. பருமனோடு நடுத்தர, தீவிர மூச்சுத்தடை உள்ள பெரியவர்களுக்கு டிர்செபடைட் ஊசியை எஃப்.டி.ஏ. 2024 டிசம்பரில் அங்கீகரித்தது. அதையும் டாக்டர் பார்த்துத்தான் தொடங்க வேண்டும்.

சிட்டிங்குக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் காசில்லாமல் ஒன்று செய்யலாம். நீங்கள் மல்லாந்து தூங்கும்போது வீட்டில் யாரையாவது போனில் ஐந்து நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முகமும் நெஞ்சும் தெரிய வேண்டும். குறட்டை சட்டென்று நின்று, நெஞ்சு மட்டும் ஏறி இறங்கி, மூச்சுச் சத்தமே இல்லாமல், அப்புறம் ஒரு திணறலோடு இழுத்து விடுகிறீர்களா என்று பாருங்கள். அக்காவை அத்தான் எடுத்த வீடியோவில் அந்த இடைவெளி 27 விநாடி நீண்டது. டாக்டர் அதை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். அக்கா அதுவரை தன் தூக்கத்தைப் பார்த்ததே இல்லை. போனை வாங்கி மூன்றாவது தடவை அவளே போட்டுப் பார்த்தாள். அந்த வாரமே ஸ்லீப் ஸ்டடிக்குத் தேதி வாங்கிவிட்டோம்.