நாலு எண்ணினால் அணைந்துவிடும்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் எங்கள் வீடு கடலை ஒட்டி. உப்புக் காற்றுக்கு ஜன்னல் கம்பியே தாங்காது. அங்கே ஒரு கம்ப்யூட்டரை நானே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தேன். மதர்போர்டு, பிராசஸர், ராம், கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் எல்லாம் புதுசு. பவர் பட்டன் இருக்கும் வெளிப்பெட்டியான கேபினட் மட்டும் பரணில் கிடந்த பழசு. காசு மிச்சம் என்று நினைத்தேன்.

பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், நாலே விநாடியில் பொட்டென்று அணையும். முதலில் எஸ்எம்பிஎஸ் மேல்தான் சந்தேகம். பிராசஸருக்குப் போகும் 8 பின் வயரைக் கழற்றி மாட்டினேன், ராமை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ம்ஹூம். "வாங்குன கடையிலயே குடுத்துருண்ணே" என்றான் தம்பி.

ஒவ்வொரு தடவையும் அதே நாலு விநாடி. அதுதான் உறுத்தியது. பவர் பட்டனை நாலு விநாடி அழுத்திப் பிடித்தால் கம்ப்யூட்டர் அணையத்தானே செய்யும்! பட்டன் வயரை போர்டிலிருந்து உருவிவிட்டு, அது மாட்டியிருந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி சேர்த்துத் தொட்டேன். ஓடியது. டீ குடித்துவிட்டு வந்தேன், அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

பட்டனைப் பிரித்தால் ஸ்பிரிங் முழுக்கத் துரு. அழுத்தினால் மேலே வரவே ஐந்தாறு விநாடி எடுக்கிறது. இப்போது அதே கேபினட்டில் இருக்கும் ரீசெட் பட்டன் வயரைப் பவர் பின்னில் மாட்டியிருக்கிறேன். தம்பிக்குத்தான் ரீசெட்டை அழுத்த இன்னும் கை வரவில்லை.