ஷெட்லாந்தில் அரிய பறவை தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்தின் வடகோடியில், 60 பாகை வட அட்சரேகையை ஒட்டிக் கிடக்கின்றன ஷெட்லாந்து தீவுகள். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் முதல் பாதியிலும் பறவை பார்ப்பவர்கள் அங்கே குவிவார்கள். சைபீரியாவில் பிறந்து தென்கிழக்கு ஆசியாவுக்குப் போக வேண்டிய குருவிகள் திசை மாறி இந்தப் பக்கம் வந்து இறங்கும் காலம் அது.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது காற்று விஷயத்தில். போன வருடம் இதே வாரத்தில் இன்ன பறவை வந்தது என்று கணக்குப் போட்டு ஐந்து நாளுக்கு டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். பறவைக்குத் தேதி தெரியாது. கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ காற்று வீசி, கூடவே மழையும் பிடித்துக்கொண்டால், மறுநாள் காலையில் வேலியோரமெல்லாம் குருவிகள். மேற்குக் காற்று விடாமல் அடித்தால் அவை அரிது. அட்லாண்டிக் தாண்டி அமெரிக்கப் பறவை ஏதாவது வந்தால் உண்டு. ஆகவே, முடிந்தால் இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

ஷெட்லாந்துக்குத் தெற்கே தனித்துக் கிடக்கும் ஃபேர் தீவுக்குப் போகிறவர்கள் திரும்பும் நாளை இறுக்கமாக வைக்கவே கூடாது. சின்ன விமானமும் படகும்தான் வழி. மூடுபனியோ அலையோ வந்தால் இரண்டும் நின்றுவிடும். 1948-இல் பறவையியலாளர் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் தொடங்கிய பறவை ஆய்வகம் அங்கேதான் இருக்கிறது. அதன் கட்டடம் 2019 மார்ச்சில் எரிந்துபோய், பிறகு புதிதாகக் கட்டப்பட்டது. தங்க இடம் கிடைப்பது எளிதல்ல, முன்பதிவு அவசியம்.

அடுத்தது, போனைப் பார்த்துக்கொண்டே ஓடுவது. வடகோடியில் உள்ள அன்ஸ்ட் தீவில் ஏதோ வந்திருக்கிறது என்று செய்தி வரும். தெற்கே சம்பர்க் முனையில் இருப்பவர் அங்கே போக இரண்டு ஃபெரி மாற வேண்டும். போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் காலி, பறவையும் இடத்தை விட்டிருக்கும். அக்டோபரில் பகல் வேகமாகச் சுருங்குகிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். என்னைக் கேட்டால், ஒரு சிறு ஊரை எடுத்துக்கொண்டு அதையே தினமும் நடந்து பார்ப்பது மேல். மரம் அபூர்வமான ஊர் என்பதால் நான்கு சிகமோர் மரங்கள், ஒரு ரோஜாப் புதர், கல்வேலியின் காற்றுப்படாத பக்கம், இவற்றில்தான் எல்லாம் ஒதுங்கும்.

அப்புறம், மேலேயே பார்த்துக்கொண்டிருப்பது. சில கிராமே தேறும் மஞ்சள்புருவக் கதிர்க்குருவி சிகமோர் இலைகளுக்குள் துள்ளும், சரி. ஆனால் லான்சியோலேட்டட் வார்ப்ளர் என்ற இன்னொரு கதிர்க்குருவி புல்லுக்குள் எலி மாதிரி ஊர்ந்து, சில சமயம் ஆளின் பூட்ஸ் பக்கத்திலேயே போகும். அதைப் பார்க்கக் கூட்டமாக நின்று புல்லை மிதிப்பதும், கத்த வைக்க ஒலிப்பதிவைப் போடுவதும் அநியாயம். அது கடலைக் கடந்து, பசியும் களைப்புமாக வந்திருக்கும் உயிர்.

ஸ்காட்லாந்தின் 2003 நிலச் சட்டம் திறந்த நிலத்தில் பொறுப்போடு நடக்க எல்லோருக்கும் உரிமை தருகிறது. வீட்டுத் தோட்டம் அதில் சேராது. நல்ல பறவைகள் பலவும் அங்கேதான் இருக்கும் என்பதால் கதவைத் தட்டிக் கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

நம்மூர்க்காரர்களுக்கென்று ஒரு தவறு உண்டு. பிளித் நாணல் கதிர்க்குருவி ஷெட்லாந்தில் வந்தால் பார்க்க ஆள் கூடும்; தமிழ்நாட்டுப் புதர்களில் குளிர்காலம் முழுக்க 'சக் சக்' என்று கத்திக்கொண்டிருக்கும். பழகிய குரல்தானே என்று அங்கே கடந்து போய்விடாதீர்கள். நின்று குறிப்பெடுத்து, பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.