ஜீப்பில் ஹீட்டர் கோர் மாற்றுகிறீர்களா? டாஷ்போர்டைக் கழற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹீட்டர் கோர் என்பது கையில் அடங்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் அங்கே சூடாகி அதற்குள் ஓடும், புளோவர் (காற்றாடி) அதன் வழியாகக் காற்றைத் தள்ளும், அந்தச் சூடான காற்றுதான் நம் காலுக்கும் முன்கண்ணாடிக்கும் வருகிறது. பொருள் சின்னது, விலையும் பெரிதில்லை. அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் வில்லங்கம். செரோக்கி எக்ஸ்ஜே, ராங்ளர் டிஜே, ராங்ளர் ஜேகே ஆகிய ஜீப்களில் அது டாஷ்போர்டுக்குப் பின்னால், காற்றைக் குளிர்விக்கும் ஏசி எவாப்பரேட்டரோடு ஒரே பெட்டிக்குள் இருக்கும். அதனால் கோர் வாங்குவது முதல் கடைசிக் கிளாம்ப் இறுக்குவது வரை ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதனால் டாஷ்போர்டை மறுபடியும் கழற்ற வேண்டி வருமா?

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் ஹீட்டர் வெறும் சொகுசுக்கானது இல்லை. கண்ணாடியில் படியும் பனியை உருக்கும் காற்று இதிலிருந்துதான் வருகிறது. அது போனால் மைனஸ் 20 டிகிரியில் வண்டியை எடுக்கவே கூடாது. அந்த அவசரத்தில்தான் பலர் சோதனை எதுவும் செய்யாமல் நேராகப் புதுக் கோருக்கு ஆர்டர் போடுகிறார்கள்.

முதல் தவறே இதுதான். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, எஞ்சின் அறையையும் வண்டியின் உள்பக்கத்தையும் பிரிக்கும் தகடான ஃபயர்வாலுக்குள் போகும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள் (சுடும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்). ஒன்று கொதிக்கச் சூடாகவும் மற்றொன்று குளிர்ந்தும் இருந்தால் கோர் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் ஒரே மாதிரி சூடாக இருந்தும் உள்ளே குளிர்ந்த காற்றே வந்தால், கோரை விட்டுவிடுங்கள். சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் பிளெண்ட் டோர் உடைந்திருக்கும், இல்லையென்றால் அதை இயக்கும் மோட்டார் போயிருக்கும். 1999 முதல் 2004 வரை வந்த கிராண்ட் செரோக்கியில் இந்தக் கதவு உடைவது பேர்போன விஷயம். இரண்டு ஹோஸும் வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கலாம், கூலன்ட் குறைந்திருக்கலாம், குழாய்க்குள் காற்று நிற்கலாம். இவை எதற்கும் டாஷ்போர்டைத் தொட வேண்டியதில்லை.

பயணி பக்கக் கார்ப்பெட் நனைந்திருந்தாலும் உடனே கோர் ஒழுகுகிறது என்று முடிவு கட்ட வேண்டாம். டிஜேயில் முன்கண்ணாடிக்கு அடியிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கும். ஏசி தண்ணீர் வெளியேறும் துளை அடைத்தாலும் அதே இடம்தான் நனையும். ஒரு வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்துப் பாருங்கள். கூலன்ட் என்றால் நிறம் தெரியும், விரலில் வழுவழுக்கும், தித்திப்பான வாடை வரும், கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் படலம் மாதிரி படிந்திருக்கும். நாக்கில் வைத்து மட்டும் பார்க்காதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைகால் கொடிய விஷம். வேலை செய்யும்போது கீழே சிந்தினாலும் உடனே துடைத்துவிடுங்கள். தித்திப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும்.

பழைய கோர் ஏன் போனது?

இதைக் கேட்காமல் புதியதை மாட்டுபவர்கள் சீக்கிரமே மறுபடி அதே வேலைக்கு வருவார்கள். 2012இல் ஜேகேயில் 3.6 லிட்டர் எஞ்சின் வந்தது. வார்ப்பின்போது உள்ளே தங்கிவிட்ட மணல் கூலன்டோடு சேர்ந்து ஓடி, ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களில் போய்ப் படிவது அந்த எஞ்சினில் பரவலாகப் பேசப்படும் கோளாறு. பயணி பக்கம் சூடாகவும் ஓட்டுநர் பக்கம் குளிர்ந்தும் காற்று வருவது அதன் வழக்கமான அறிகுறி. ரேடியேட்டரையும் எஞ்சினையும் கழுவாமல் புதுக் கோரைப் போட்டால் மிச்சமுள்ள மணல் அதையும் அடைக்கும். உண்மையில், அடைப்பு மட்டும்தான் பிரச்சினை என்றால் முதலில் கோரை வண்டியிலேயே வைத்துக் கழுவிப் பாருங்கள். ஃபயர்வால் பக்கம் இரண்டு ஹோஸையும் கழற்றி, கூலன்ட் வெளியேறும் குழாய் வழியாகத் தண்ணீரை எதிர்த்திசையில் மெதுவாக விடுங்கள். அழுத்தத்தைக் கூட்டினால் பழைய கோர் பிளந்துவிடும். வெளியே வரும் தண்ணீரை வெள்ளை வாளியில் பிடித்தால் அடியில் மணல் தங்குவது கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் தெளிந்து வரும்வரை திசை மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

ஒழுகல் அடைக்கும் திரவத்தை ரேடியேட்டரில் ஊற்றுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வழி. அது ஓட்டையையும் நல்ல குழாயையும் பிரித்துப் பார்க்காது. மொத்த அமைப்பிலும் குறுகலான பாதை ஹீட்டர் கோர்தான், அதனால் முதலில் அடைபடுவதும் அதுதான்.

ஆஃப்ரோடு வண்டிகளுக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கருவி), கூடுதல் விளக்குகள், ரேடியோ என்று மாட்டிக்கொண்டே போகிறோம். எர்த் வயர்களை யாரும் கவனிப்பதில்லை. எர்த் சரியில்லாவிட்டால் மின்சாரம் கூலன்ட் வழியாகப் பாய்ந்து அலுமினியக் கோரைத் துளைத்துவிடும். எஞ்சின் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை உலோகத்தில் படாமல் கூலன்டிலும் வைத்துப் பாருங்கள். பிறகு எஞ்சினை ஓட்டி, விளக்குகளையும் மற்றவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 0.3 வரை ஏறினால், எதைப் போட்டபோது ஏறியதோ அதன் எர்த்தைச் சரிசெய்த பிறகுதான் புதுக் கோர்.

வாங்கும்போது

‘செரோக்கிக்கு ஒன்று கொடுங்கள்’ என்று கேட்டால் போதாது. 1997இல் எக்ஸ்ஜேயின் டாஷ்போர்டே மாறிவிட்டது, 1996 வண்டியின் கோர் 1997க்கு என்று நினைத்து வாங்க முடியாது. வண்டியின் அடையாள எண்ணைக் (விஐஎன்) கொடுத்துக் கேளுங்கள். ஏசி உள்ளதா, ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்பதையும் சொல்லுங்கள். பார்சல் வந்ததும் பழைய கோரின் படத்தோடு குழாய்களின் வளைவையும் விட்டத்தையும் ஒப்பிடுங்கள். பிறகு ஒரு குழாயை அடைத்து, மற்றதில் சைக்கிள் பம்ப்பால் 15 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றடித்து, வாளித் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் அப்படியே திருப்பி அனுப்பலாம். மாட்டிய பிறகு தெரிந்தால் ஒரு வாரயிறுதி போய்விடும்.

அலுமினியமா, செம்பு-பித்தளையா? கிடைத்தால் செம்பு-பித்தளைக்கே என் ஓட்டு. ஒழுகினால் பற்றவைத்துச் சரிசெய்யலாம். அலுமினியம் வாங்கினால் மலிவானதைத் தவிர்த்து, ஓரங்களில் பற்றவைப்பு ஒழுங்காக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

கழற்றும்போது

பேட்டரியைக் கழற்றி இரண்டு நிமிடமாவது காத்திருந்த பிறகே ஏர்பேக் உள்ள வண்டியில் கை வையுங்கள். பெட்டியோடு எவாப்பரேட்டரும் வெளியே வருவதால் ஏசி குழாய்களையும் கழற்ற வேண்டும்; அதற்காக ஏசி கேஸைத் திறந்து வெளியே விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் அது சட்டப்படி குற்றம். முன்கூட்டியே ஏசி கடையில் கொடுத்து எடுத்துவிடுங்கள். இந்தச் செலவுக்குப் பயந்து சிலர் பெட்டியையே அறுத்துக் கோரை உருவுகிறார்கள். ஒட்டுப்போட்ட பெட்டியில் காற்றும் தூசியும் புகும், நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பெட்டியைப் பிடித்திருக்கும் நட்டுகள் எஞ்சின் பக்கத்தில், துருப்பிடித்து இருக்கும். முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். ஹோஸ் கழறாவிட்டால் முறுக்கி இழுக்காதீர்கள். பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள். எப்படியும் புது ஹோஸ்தானே போடப்போகிறோம்! பழைய எக்ஸ்ஜேயில் ஹீட்டர் ஹோஸ் நடுவே ஒரு பிளாஸ்டிக் வால்வு இருக்கும், தொட்டாலே நொறுங்கும். அதையும் சேர்த்து வாங்கி வையுங்கள்.

பெட்டி வெளியே வந்ததும் கோரை மட்டும் மாற்றிவிட்டு மூடாதீர்கள். கோரைச் சுற்றியும் பிளெண்ட் டோரிலும் இருக்கும் நுரைப்பட்டி பொடிந்துபோயிருக்கும். அதைப் புதுப்பிக்காவிட்டால் காற்று கோருக்குள் போகாமல் ஓரமாக நழுவிவிடும்; புதுக் கோர் போட்டும் சூடு பத்தவில்லை என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எவாப்பரேட்டரில் ஒட்டியிருக்கும் இலைதழைகளையும் எடுத்துவிடுங்கள்.

வேக்யூம் (எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடம்) குழாய்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ஜேயிலும் டிஜேயிலும் காற்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை எஞ்சின் வேக்யூம்தான் மாற்றுகிறது. ஒரு குழாய் விரிசல் விட்டிருந்தால் மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் காற்று கண்ணாடிப் பக்கம் ஓடிவிடும். எக்ஸ்ஜேயில் வேக்யூம் சேமிக்கும் உருண்டை முன் பம்பருக்கு உள்ளே இருக்கிறது. இரும்பு பம்பர் மாற்றும்போது பலர் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, பிறகு காரணம் தெரியாமல் தவிக்கிறார்கள்.

நிரப்பும்போது

கூலன்டை நிறம் பார்த்து வாங்கக் கூடாது. துருவைத் தடுக்கச் சேர்க்கும் வேதிப்பொருளைப் பொறுத்து வகை மாறும்: ஜேகேயில் 2012 மாடல் வரை ஹோட் (HOAT) வகை, 2013 மாடலிலிருந்து ஓட் (OAT) வகை. இரண்டையும் கலக்கவே கூடாது. அடர் கூலன்ட் என்றால் காய்ச்சி வடித்த தண்ணீருடன் சரிபாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேற நேரம் கொடுங்கள்.

டாஷ்போர்டை மாட்டும் முன்பே எஞ்சினை ஓட்டி, பெட்டியின் இணைப்புகளில் ஈரம் உண்டா என்று பாருங்கள். அடுத்த சில நாட்கள் எஞ்சின் ஆறிய நிலையில் கூலன்ட் அளவைக் கவனியுங்கள்; மிச்சக் காற்று வெளியேறக் கொஞ்சம் இறங்கும், நிரப்பினால் போதும். அப்புறம், இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் நேரடியாக இணைக்கும் ஒரு இணைப்புக் குழாயும் இரண்டு கிளாம்பும் வண்டியில் எப்போதும் இருக்கட்டும். காட்டுப் பாதையில் கோர் பிளந்தால், அதை ஒதுக்கிவிட்டு வண்டியை வீடு கொண்டுவந்து சேர்த்துவிடலாம்.