புல்தரைப் பூச்சிகளை விளக்குப் பொறியால் கண்காணிப்பது எப்படி?

புல்தரை திட்டுத் திட்டாக மஞ்சளாகி, பிடித்து இழுத்தால் பாயைச் சுருட்டுவது போல் கையோடு வருகிறதா? வேர்ப்புழு வேரைத் தின்றுவிட்டது. இந்த நிலையில் மருந்து ஊற்றினாலும் பலன் குறைவு. அதன் தாய் வண்டு எந்த இரவில் பறந்தது என்பது முன்பே தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். விளக்குப் பொறியை வைப்பது அதற்காகத்தான். இதை வைத்தே பூச்சியை ஒழித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

பொறி அமைத்தல்

ஒரு வாளி, அதன் வாயில் பொருந்தும் பெரிய புனல், புனலுக்கு மேலே ஒரு விளக்கு, இவ்வளவுதான். புற ஊதா ஒளி தரும் குழல்விளக்குக்கு நிறையப் பூச்சிகள் வரும். மஞ்சள் பல்புக்குக் குறைவாகவே வரும். விளக்கைச் சுற்றித் தகரத் தகடுகளை நெட்டுக்குத்தாகப் பொருத்தினால் பூச்சிகள் மோதிப் புனலுக்குள் விழும். வாளியில் சிறிது சோப்பு கலந்த தண்ணீர் போதும். மின் இணைப்பு மழையில் நனையக் கூடாது.

பொறியைப் புல்தரையின் நடுவில் வைக்காதீர்கள். ஒளியைத் தேடி வந்து வாளிக்குத் தப்பும் வண்டுகள் அங்கேயே முட்டையிடும். ஓரத்திலிருந்து சற்றுத் தள்ளி, தெருவிளக்கு வெளிச்சம் படாத இடமாகப் பாருங்கள்.

எப்போது, எதை எண்ணுவது?

தமிழ்நாட்டில் ஏப்ரல் முதல் ஜூன் வரை, நல்ல மழை பெய்த மறுநாள் அந்தியிலிருந்தே கவனியுங்கள். வேர்ப்புழு வண்டுகள் இருட்டத் தொடங்கியதும் மண்ணிலிருந்து கிளம்பி வேப்பமரத்துக்குப் போகும். ஆகவே இருட்டியதிலிருந்து இரவு 10 மணி வரை விளக்கு எரிந்தால் போதும். தினமும் அதே நேர அளவைக் கடைப்பிடியுங்கள். இல்லாவிட்டால் நேற்றைய எண்ணிக்கையை இன்றையதோடு ஒப்பிட முடியாது.

காலையில் வாளியை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பிரியுங்கள். பழுப்பு நிறத் தடித்த வண்டின் உணர்கொம்பு நுனியில் சிறு தகடுகள் அடுக்காக விரியும். அது வேர்ப்புழு வண்டு. முன்கால்கள் மண்வெட்டி போல் அகன்றிருந்தால் பிள்ளைப்பூச்சி. முன்சிறகில் கரிய குத்துவாள் போன்ற கோடு இருந்தால் வெட்டுப்புழுவின் அந்துப்பூச்சி. தேதி, மழை, நிலவு, எண்ணிக்கை ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் வரத்து குறையும். அதைப் பார்த்துப் பூச்சி போய்விட்டது என்று ஏமாற வேண்டாம்.

தரையில் சரிபார்த்தல்

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான வேலை. பொறியில் விழுபவை வளர்ந்த பூச்சிகள். புல்லைத் தின்பவற்றில் பெரும்பாலானவை புழுக்கள். வண்டு வரத்து உச்சம் தொட்ட இரண்டு, மூன்று வாரங்களில் ஓர் அடிக்கு ஓர் அடி புல்லைப் பெயர்த்து, வேர்ப்பகுதி மண்ணை உதிர்த்துப் பாருங்கள். 'C' போல் வளைந்த வெள்ளைப் புழு இருந்தால் எண்ணுங்கள். வெட்டுப்புழுவுக்கும் பிள்ளைப்பூச்சிக்கும் இன்னும் எளிய வழி உண்டு: 8 லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்து, ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஊற்றுங்கள். சில நிமிடங்களில் அவை மேலே வந்துவிடும்.

புழு சிறிதாக இருக்கும்போதே புழுவைத் தாக்கிக் கொல்லும் மெட்டாரைசியம் என்ற பூஞ்சையை இடுவது நல்லது. மண்ணை நனைத்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு இடுங்கள்.